உயிலும் பத்திரமும் வைத்து வம்சம் தேடுவது: கடலூர், புதுச்சேரிக் குடும்பங்களுக்கு

வம்சம் தேடக் கிளம்புகிறவர்கள் பெரும்பாலும் முதலில் தேடுவது பெயரை. அங்கேயே பாதிப் பேர் சிக்கிக்கொள்கிறார்கள். நம் பக்கத்தில் தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பது வழக்கம். குப்புசாமி மகன் ராமசாமி, ராமசாமி மகன் குப்புசாமி என்று நூறு வருஷத்துக்கு இரண்டே பெயர்தான் சுற்றி வரும். ஊரில் அதே பெயரில் பங்காளிகளும் நாலு பேர் இருப்பார்கள். போதாததற்கு வெள்ளைக்கார குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதுவார், பிரெஞ்சு குமாஸ்தா தன் உச்சரிப்புக்கு எழுதுவார். மனைக்கு இந்தத் தொல்லை இல்லை. தெரு மாறாது, கோயில் மாறாது, அடுத்த வீட்டுக்காரர் அவ்வளவு சீக்கிரம் மாற மாட்டார். ஒரு மனையையோ ஒரு காணி நிலத்தையோ பிடித்துக்கொண்டு பின்னால் போனால், அதைக் கைமாற்றிய ஆட்கள் தாமாகவே வந்து நிற்பார்கள்.

முதல் வேலை வீட்டிலேயே. பெட்டியில் இருக்கிற மிகப் பழைய பத்திரத்தை எடுங்கள். பாகப்பத்திரம் கிடைத்தால் கிரயப் பத்திரத்தைத் தள்ளிவைத்து அதையே முதலில் படியுங்கள். கிரயத்தில் இரண்டு பேர்தான் இருப்பார்கள். பாகப்பத்திரத்தில் பங்குள்ள ஆண்கள் அத்தனை பேரும், மைனர்களும், அவர்களுக்குக் கார்டியனாக நிற்கும் தாயோ சித்தப்பாவோ வரிசையாக இருப்பார்கள். ஜீவனாம்சம் ஒதுக்கப்பட்ட விதவையின் பெயரும், கல்யாணச் செலவுக்குப் பணம் எடுத்துவைக்கப்பட்ட பெண்ணின் பெயரும் அதில்தான் அகப்படும்.

பத்திரத்தை இந்த வரிசையில் படித்தால் நல்லது. முதலில் தேதி. "ஹேவிளம்பி ௵ ஆனி ௴ ௰௫ ௳" என்று இருக்கும். ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி; ௰ பத்து, ௱ நூறு, ௲ ஆயிரம். ஆக ஆனி 15. ஹேவிளம்பி 1897-இல் வந்தது, 1837-இலும் வந்தது. அறுபது வருஷச் சுற்று என்பதால் இங்கே ஒரு தலைமுறை, சமயத்தில் இரண்டு தலைமுறையே தவறிவிடும். தாது வருஷப் பஞ்சம் 1876-இல் வந்ததை வைத்து, தாது என்று கண்ட இடமெல்லாம் 1876 என்று குறித்துக்கொள்கிறவர்கள் உண்டு. 1816-உம் 1936-உம் தாதுதான். பசலி (அரசு வருவாய்க் கணக்கின் ஆண்டு) எழுதியிருந்தால் சந்தேகமே இல்லை. பசலியோடு 590 கூட்டினால் அது தொடங்கிய ஆங்கில வருஷம் வரும், தொடக்கம் ஜூலை 1. பசலி 1307 என்றால் 1897 ஜூலை முதல் 1898 ஜூன் வரை. மேலே சொன்ன 1897 ஆனிப் பத்திரம் ஜூன் கடைசியில் விழுவதால் அதற்குப் பசலி 1306. இரண்டும் பொருந்துகிறதா என்று பார்ப்பது ஐந்து நிமிஷ வேலை.

அடுத்தது, சொத்து எப்படி வந்தது என்று சொல்லும் வரி. "பிதுரார்ஜிதமாய்" என்றால் தகப்பன் வழி. "சுயார்ஜிதமாய்" என்றால் அவரே சம்பாதித்தது. அந்த மனையைப் பிடித்து அதற்கு முன்னால் போனால் வேறொருவர் குடும்பத்துக்குள் போய் நிற்பீர்கள். கிரயம் பெற்றதானால் முன்பத்திரத்தின் அடையாளம் எழுதியிருக்கும்: ஒன்றாம் புத்தகம், இத்தனையாவது வால்யூம், இன்ன பக்கம் முதல் இன்ன பக்கம் வரை, இன்ன வருஷத்து இன்ன நெம்பர் என்று. அந்த ஒரு வரியே அடுத்த பத்திரத்துக்கு வழி.

பிறகு நான்கெல்லை. இதைத் தலைகீழாகப் படிக்கிறவர்கள் ஏராளம். "முத்துசாமி மனைக்கு வடக்கு, வீதிக்கு மேற்கு" என்றால் நம் மனை முத்துசாமி மனைக்கு வடக்கே இருக்கிறது. படம் போடும்போது முத்துசாமி தெற்கில் வரவேண்டும், வீதி கிழக்கில் வரவேண்டும். ஒரு தாளில் கட்டம் போட்டு நான்கு பக்கமும் பெயர் எழுதுங்கள். அடுத்தடுத்த பத்திரங்களுக்கும் இதே மாதிரி போட்டு அருகருகே வையுங்கள். ஒரு பக்கத்தில் "முத்துசாமி" போய் "முத்துசாமி குமாரர்கள்" என்று வந்தால், இடைப்பட்ட காலத்தில் முத்துசாமி காலமாகிவிட்டார் என்று கொள்ளலாம். "அண்ணன் பாகத்து மனை" என்று வந்தால் அதற்கு முன்னால் ஒரு பாகப்பிரிவினை நடந்திருக்கிறது. அது பதிவாகாத வாய்மொழிப் பாகமாக இருந்தாலும் எல்லை காட்டிக்கொடுத்துவிடும்.

கடைசியாகப் பத்திரத்தின் பின்பக்கம். சார்பதிவாளர் முன்னால் கையெழுத்தோ கைநாட்டோ வைத்தவர், அவரை அடையாளம் காட்டிய சாட்சிகள், அவர்களின் தகப்பன் பெயர், ஊர் எல்லாம் அங்கே இருக்கும். சாட்சிகள் மைத்துனரும் மாமனாருமாக இருப்பது சகஜம். பெண் கொடுத்த ஊர் எது என்று பல சமயம் அதில்தான் தெரியவரும். விதவை விற்ற பத்திரமானால் இன்னும் விசேஷம். அந்தக் காலத்து இந்து சட்டத்தில் விதவைக்குக் கணவன் சொத்தில் ஆயுள்கால உரிமைதான். அதனால் வாங்குகிறவர், அடுத்த வாரிசாக வரக்கூடிய பங்காளிகளின் சம்மதக் கையெழுத்தைக் கேட்டு வாங்கிவிடுவார். விற்ற காரணமும் விவரமாக எழுதியிருப்பார்கள்: புருஷன் வாங்கின கடன், மகள் கல்யாணம், காசி யாத்திரை. அப்படி ஒரு பத்திரம் அகப்பட்டால் ஒரு கிளை முழுவதும் கையில் வந்த மாதிரி.

கடலூர்ப் பக்கம்

பழைய காகிதங்களில் இது தென்னாற்காடு ஜில்லா. கடலூர் அதன் தலைநகர். 1993-இல்தான் ஜில்லா இரண்டானது. ஆகவே இன்றைய விழுப்புரத்துக் கிராமத்துக் காகிதமும் கடலூரில் இருக்கலாம்.

பத்திரப் பதிவுச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 1865 தொடக்கத்தில். இப்போது இணையத்தில் எடுக்கும் வில்லங்கச் சான்று பொதுவாக 1975 வரைதான் போகும். அதற்கு முந்தியதற்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் தேடுதல் மனு போடவேண்டும். அட்டவணை இரண்டு வகை: முதல் அட்டவணை ஆள் பெயர்ப்படி, இரண்டாவது சொத்துப்படி. பெயரைச் சொல்லி முதல் அட்டவணையைக் கேட்டால் எழுத்துப் பிழையில் தவறிவிடும். கிராமமும் சர்வே நெம்பரும் சொல்லி இரண்டாவதைப் பார்க்கச் சொல்லுங்கள். கிராமம் முன்பு எந்த சப்ரிஜிஸ்தார் ஆபீசுக்கு உட்பட்டிருந்தது என்றும் கேளுங்கள். எல்லைகள் பலமுறை மாறியிருக்கின்றன, பழைய புத்தகங்கள் பழைய ஆபீசிலேயே தங்கியிருக்கக்கூடும். நூறு ரூபாய்க்குக் குறைந்த கிரயத்துக்குப் பதிவு கட்டாயமில்லை என்பதையும் மறக்கவேண்டாம். சின்ன மனை வாங்கியவர் அட்டவணையில் இல்லாததற்குப் பெரும்பாலும் அதுதான் காரணம்.

உயில் மூன்றாம் புத்தகத்தில் ஏறும். ஒன்றாம் புத்தகத்தை யார் வேண்டுமானாலும் கட்டணம் கட்டிப் பார்க்கலாம். மூன்றாம் புத்தகத்து நகல், எழுதியவர் இறந்த பிறகுதான் பிறருக்குக் கிடைக்கும். எழுதியவர் பிறந்தே 150 வருஷம் ஆகியிருந்தாலும் கவுண்டரில் இறப்புக்கு ஆதாரம் கேட்பார்கள். கல்லறைக் கல்வெட்டின் படம், வாரிசுச் சான்று, பிற்காலப் பத்திரத்தில் "காலஞ்சென்ற" என்று எழுதிய வரி என்று எது இருந்தாலும் கையோடு கொண்டுபோங்கள். மூடிய உறையில் உயிலை மாவட்டப் பதிவாளரிடம் ஒப்படைக்கும் வழியும் இருந்தது, அங்கேயும் ஒருமுறை கேட்டுவிடலாம்.

உயர் நீதிமன்ற புரொபேட் (உயில் செல்லும் என்று கோர்ட் தரும் சான்று) பதிவேடுகளில் தேடி ஏமாறுகிறவர்களுக்கு ஒன்று. சென்னைப் பட்டணத்துக்கு வெளியே இருந்த இந்துக் குடும்பங்கள் உயிலுக்கு புரொபேட் வாங்கவேண்டிய அவசியம் இருந்ததில்லை. 1927 ஜனவரி 1-க்கு முன்னால் மொஃபசல் (பட்டணத்துக்கு வெளியே இருந்த) இந்துவின் உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துகூடக் கட்டாயமில்லை, வாயால் சொன்னதும் செல்லும். எனவே கடலூர் இந்து உயில் மூன்றாம் புத்தகத்தில் இருக்கும், அல்லது பின்னால் நடந்த வழக்கில் ஆவணமாக இணைந்திருக்கும், அல்லது எங்குமே இருக்காது. கிறிஸ்தவ, ஐரோப்பிய, ஆங்கிலோ இந்தியக் குடும்பங்களின் கதை வேறு. அவர்கள் பெரும்பாலும் கோர்ட்டுக்குப் போகவேண்டியிருந்தது. மதராஸ் மாகாணத்து ஐரோப்பியர் உயில்களின் நகல்கள் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் எல்/ஏஜி/34/29 வரிசையில் இருக்கின்றன. இறந்தவர் வீட்டுச் சாமான் பட்டியல்கள் எல்/ஏஜி/34/27-இல். ஞானஸ்நான, கல்யாண, அடக்கப் பதிவுகளுக்கு என்/2 வரிசை. கடலூர் செயின்ட் டேவிட் கோட்டைக் காலத்து உயில்களில் சமையல்காரருக்கும் துபாஷிக்கும் (மொழிபெயர்ப்பாளருக்கும்) எழுதிவைத்த வராகன் கணக்கு வரும். 1818 வாக்கில் அரசு கணக்கில் ஒரு வராகன் மூன்றரை ரூபாய்.

பத்திரம் 1865-இல் நின்றுபோனால் வருவாய்த் துறைக்குத் திரும்புங்கள். செட்டில்மெண்ட் கால அ பதிவேட்டில் சர்வே நெம்பர், பரப்பு, தீர்வை, பட்டாதார் பெயர் இருக்கும். அதற்கு முந்தியது பைமாஷ் என்ற பழைய நில அளவையின் நெம்பர். பழைய பைமாஷ் எது, புது சர்வே எது என்று இணைத்துக்காட்டும் பட்டியல் கிடைத்தால்தான் தாண்டமுடியும். தாலுகா ஆபீஸ், கலெக்டர் ஆபீஸ் ரிகார்டு ரூம், சென்னை எழும்பூர் ஆவணக் காப்பகம் என்ற வரிசையில் கேட்கலாம். இனாம் நிலமானால் அதிர்ஷ்டம்: 1860-களின் இனாம் பதிவேட்டில் அப்போது அனுபவித்தவர், அவர் உறவுக்காரர், முதலில் மானியம் பெற்றவர் என்று இரண்டு மூன்று தலைமுறை ஒரே வரியில் வரும். குடியிருந்த வீடு கிராம நத்தத்தில் இருந்தால் அ பதிவேட்டில் பெயர் இருக்காது, நத்தத்துக்குப் பட்டா வந்தது வெகு பின்னால்தான். கணக்குப்பிள்ளை வேலை 1980-இல் ஒழிக்கப்பட்டபோது எல்லாக் காகிதமும் ஆபீசுக்குப் போய்ச் சேர்ந்துவிடவில்லை. பழைய கணக்குப்பிள்ளை வீட்டில் பக்குவமாகக் கேட்டுப் பாருங்கள்.

புதுச்சேரிப் பக்கம்

பாகூரும் கடலூரும் பக்கத்துப் பக்கத்து ஊர்தான், காகிதமோ வேறு உலகம். 1954 நவம்பர் வரை பிரெஞ்சு ஆட்சி. சட்டப்படி கைமாறியது 1962 ஆகஸ்டில். அக்காலத்தில் இங்கே பத்திரம் நோட்டரி முன்னால் எழுதப்பட்டு அவர் காகிதக் கட்டுகளிலேயே மூலம் தங்கும், வீட்டுக்கு வந்தது நகல்தான். ஆகவே நகலின் தலைப்பில் இருக்கும் நோட்டரி பெயரும் தேதியும்தான் சாவி. சொத்துப் பத்திரம் தவிர இரண்டு வகைக் காகிதம் கேளுங்கள்: இறந்தவரின் வாரிசுகள் இன்னார் என்று சாட்சிகள் சொல்லும் 'நொத்தோரியெத்தே', இறப்புக்குப் பின் எடுத்த சொத்துப் பட்டியலான 'அன்வாந்தேர்'. பிரெஞ்சுச் சட்டத்துக்கு உட்பட்டவர் உயிலை முழுக்கத் தன் கையாலேயே எழுதி, தேதியிட்டுக் கையெழுத்துப் போட்டிருந்தால் அதுவே செல்லும். சாட்சி இல்லையே என்று போலி என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

1776-ஆம் வருஷத்து அரசாணையால் காலனிகளின் பதிவேடுகளுக்கும் நோட்டரி ஏடுகளுக்கும் ஒரு நகல் பிரான்சுக்குப் போனது. அவை இப்போது எக்ஸ்-ஆன்-புரோவான்ஸ் நகரில் இருக்கும் கடல்கடந்த நாடுகளின் ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பிறப்பு, கல்யாணம், இறப்புப் பதிவேடுகளில் சுமார் நூறு வருஷத்துக்கு முந்தியவற்றை இணையத்தில் இலவசமாகப் புரட்டலாம். பெயர் தட்டினால் வராது. கம்யூன் (பிரெஞ்சு நிர்வாகத்தின் ஊர்ப் பிரிவு), வருஷம் என்று பிரித்துப் போய், பத்து வருஷத்துக்கு ஒருமுறை போட்ட பெயர்ப் பட்டியல் இருந்தால் அதில் தொடங்கவேண்டும். பிரெஞ்சு எழுத்தில் உகரத்துக்கு 'ஓ'வும் 'யு'வும் சேர்த்துப் போடுவார்கள், ககரத்துக்குப் பெரும்பாலும் 'சி'. வாய்விட்டுப் படித்தால் நம் பெயர் காதில் விழும்.

1881 செப்டம்பர் 21 ஆணைப்படி சொந்த வழக்கச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுச் சட்டத்தை ஏற்றவர்கள் புதிதாக ஒரு குடும்பப் பெயர் எடுத்துக்கொண்டார்கள். அண்ணன் துறந்திருப்பார், தம்பி துறந்திருக்க மாட்டார். அல்லது இருவரும் துறந்து ஆளுக்கொரு பெயர் எடுத்திருப்பார்கள். துறந்த பத்திரத்தில் பழைய பெயரும் புதுப் பெயரும் சேர்ந்தே இருப்பதால், கிளை திடீரென்று மறைந்தால் அதைத்தான் தேடவேண்டும். பிரெஞ்சு ஆட்சியில் இருந்த வியட்நாமின் சைகோனில் வேலை பார்த்தவர்கள் ஊர்ச் சொத்தை விற்க அங்கிருந்து அதிகாரப் பத்திரம் அனுப்பியிருப்பார்கள். அது கிரயத்தோடு சேர்ந்திருக்கும், சைகோன் விலாசம் அதில் கிடைக்கும்.

அளவில் கவனம். புதுச்சேரியில் குழி 576 சதுர அடி, நூறு குழி ஒரு காணி. அதாவது 57,600 சதுர அடி, 1.32 ஏக்கர், 53.5 ஆர். எல்லை தாண்டிக் கடலூர்ப் பத்திரத்தில் அதே 'குழி' வேறு அளவாக இருக்கலாம். நெம்பரும் அப்படித்தான்: பிரெஞ்சுக் கால நில அளவையான பழைய கெடாஸ்டர் நெம்பர் வேறு, பின்னால் வந்த ரீசர்வே நெம்பர் வேறு. இரண்டும் சேர்ந்து எழுதிய ஒரு பத்திரத்தை முதலில் தேடிப் பிடியுங்கள்.

கையில் இருக்கிற மூலப் பத்திரத்தை லேமினேட் செய்துவிடாதீர்கள். சூட்டில் மை பழுக்கும், பின்னால் பிரிக்கவும் முடியாது. மடிப்பை மெல்ல விரித்து, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி வைத்து, முன்பக்கமும் பின்பக்கமும் படம் எடுங்கள். மங்கிய கைநாட்டுக்கு மேலே எழுதிய பெயர் அந்தச் சாய்வு வெளிச்சத்தில்தான் தெரியும்.