எல்இடி ஸ்கிரீனையும் கேமரா ட்ராக்கிங்கையும் பொருத்துறது எப்படி? புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு

நடிகருக்குப் பின்னாடி பெரிய எல்இடி ஸ்கிரீன்ல 3டி சீனை ஓட்டி, கேமரா நகர்றதுக்கு ஏத்த மாதிரி அதையும் மாத்தி ஷூட் பண்றதைப் பத்தித்தான் பேசுறேன். கேமராவை நகர்த்தும்போது பின்னாடி சீன் வழுக்குதுன்னா புதுசா வர்றவங்க உடனே ட்ராக்கர்லதான் (கேமரா எங்க இருக்குன்னு சாஃப்ட்வேருக்குச் சொல்ற கருவி) கை வைப்பாங்க, ரொட்டேஷன்ல அரை டிகிரி, லென்ஸ் நம்பர்ல கொஞ்சம்னு திருகித் திருகி ஒரு இடத்துல சரியா தெரிய வச்சிடுவாங்க, கேமராவை ரெண்டடி தள்ளி வச்சா மறுபடி பழைய கதைதான். நானும் ஒரு ராத்திரி முழுக்க இப்படி முட்டிக்கிட்டவன்தான், விடிஞ்சப்புறம் பார்த்தா தப்பு ஸ்கிரீன் மாடல்ல, அதாவது சாஃப்ட்வேருக்குள்ள இருக்கிற ஸ்கிரீனோட 3டி நகல்ல இருந்துச்சு. அதனால வரிசைய மாத்தாதீங்க.

1. ஸ்கிரீனை அளங்க

டிராயிங்ல இருக்கிற அளவை நம்ப வேணாம், லேசர் மீட்டர் எடுத்து ஸ்கிரீனையே அளங்க. 500 மில்லிமீட்டர் அகல கேபினெட் (ஸ்கிரீனைச் சேர்த்துக் கட்டுற எல்இடி பெட்டி) 8 நேரா நின்னா 4 மீட்டர், அதையே ஒவ்வொரு ஜாயின்ட்லயும் 5 டிகிரி வளைச்சா முனைக்கு முனை 3.92 மீட்டர்தான், 8 சென்டிமீட்டர் காணாம போயிடும். அந்த வளைவோட மாடல் பண்ணி அன்ரியல் இன்ஜின்ல (சீனை ஓட்டுற 3டி சாஃப்ட்வேர்) கொண்டு வாங்க, அங்க கணக்கு சென்டிமீட்டர்ல, மில்லிமீட்டர்ல செஞ்ச மாடலை அப்படியே போட்டா பத்து மடங்கு பெருசா வந்து நிக்கும்.

2. ஒரே ஜீரோ

ஸ்கிரீன் நடுவுக்கு நேர் கீழ தரையில டேப்ல ஒரு பிளஸ் ஒட்டுங்க. மாடலுக்கும் அதான் ஜீரோ, ட்ராக்கிங்குக்கும் அதான். அப்புறம் கேமராவை வலப்பக்கம் சரியா 1 மீட்டர் தள்ளிப் பாருங்க, சாஃப்ட்வேர்ல 100 ஏறணும், அதுவும் சரியான திசையில. ட்ராக்கிங்கோட திசை 1 டிகிரி திரும்பியிருந்தாலே ஜீரோவுல இருந்து 3 மீட்டர் தள்ளி நிக்கிற கேமரா 5 சென்டிமீட்டர் தப்பான இடத்துல இருக்கிறதா கணக்காயிடும்.

3. ட்ராக்கிங்கை மறந்துட்டு ஸ்கிரீனை மட்டும் டெஸ்ட் பண்ணுங்க

நிஜ ஸ்கிரீன்ல நாலஞ்சு கேபினெட் மூலைகளை ஜீரோவுல இருந்து அளந்து, அதே இடத்துல சீனுக்குள்ள குட்டி குட்டி உருண்டை வைங்க. ஒவ்வொண்ணும் அந்தந்த மூலையில விழணும், கேமரா எங்க போனாலும் அசையவும் கூடாது, ஏன்னா ஸ்கிரீன் மேலயே இருக்கிற பொருளுக்கு பாரலாக்ஸ் (கேமரா நகர்ந்தா பொருள் இடம் மாறித் தெரியிறது) கிடையாது. இது விழலன்னா மாடல் தப்பு, இல்ல யூவி (மாடல் மேல படம் எப்படி ஒட்டணும்ங்கிற கணக்கு) தப்பு. இதை முடிக்காம அடுத்ததுக்குப் போகாதீங்க.

4. கேமராவோட நிஜமான புள்ளி

படம் ஸ்கிரீன்ல எங்க விழணும்ங்கிறதைத் தீர்மானிக்கிறது கேமரா எந்த இடத்துல இருக்குங்கிறதுதான், எந்தப் பக்கம் பார்க்குதுங்கிறது இல்ல. பார்க்கிற திசை, இன்னர் ஃப்ரஸ்டம் (ஸ்கிரீன்ல கேமரா கண்ணுக்குப் படுற பகுதி) எங்க நிக்கணும்னு சொல்றதுக்கு மட்டும்தான், லென்ஸ் ஆங்கிளும் அப்படித்தான். அதனால ட்ராக்கர்ல இருந்து லென்ஸோட நோடல் பாயின்ட் (கேமரா எந்தப் புள்ளியில இருந்து பார்க்குதோ அது) வரைக்கும் இருக்கிற தூரத்தை ஒழுங்கா போடுங்க. அதைக் கண்டுபிடிக்க கிட்ட ஒரு ஸ்டாண்ட், தூரத்துல ஒரு ஸ்டாண்ட் ஒரே கோட்டுல வச்சு பேன் பண்ணுங்க (கேமராவை நின்ன இடத்துலயே பக்கவாட்டுல திருப்புங்க), ரெண்டும் ஒண்ணை விட்டு ஒண்ணு விலகலன்னா அந்தப் புள்ளியிலதான் கேமரா சுத்துதுன்னு அர்த்தம். ஜூம் லென்ஸ்னா ஜூம் மாற மாற இதுவும் நகரும், அதனால முதல் தடவை ப்ரைம் லென்ஸ் (ஜூம் இல்லாதது) போட்டுக்கங்க, தலைவலி மிச்சம்.

5. டேப் டெஸ்ட்

தரையில ஸ்கிரீனை நோக்கி ஒரு நீள டேப் ஒட்டி, சீனுக்குள்ள அதே கோட்டை ஸ்கிரீனுக்குப் பின்னாடி தொடருங்க. கேமரா வழியா பார்த்தா ஒடியாம ஒரே கோடா போகணும். பேன் பண்ணும்போது மட்டும் ஒடிஞ்சா 4-வது ஸ்டெப்ல தப்பு. பக்கவாட்டுல தள்ளத் தள்ள விலகல் கூடிட்டே போனா ஜீரோ இல்லன்னா திசை தப்பு. நகரும்போது ஒடிஞ்சு, நின்னதும் வந்து ஒட்டிக்கிச்சுன்னா அளவுல எந்தக் குத்தமும் இல்ல, அது டிலே, கேமரா, எல்இடி ப்ராசஸர், ரெண்டர் மெஷின் எல்லாம் ஒரே ஜென்லாக்ல (எல்லாத்தையும் ஒரே தாளத்துல ஓட வைக்கிற சிக்னல்) இருக்கான்னு முதல்ல பாருங்க. அப்பவும் கொஞ்சம் டிலே இருக்கத்தான் செய்யும், நொடிக்கு 24 ஃப்ரேம் ஓடும்போது 8 ஃப்ரேம் லேட்னா நொடிக்கு 30 டிகிரி பேன்ல ஃப்ரஸ்டம் 10 டிகிரி பின்தங்கி அதோட ஓரம் ஷாட்டுக்குள்ள வந்துடும், அதுக்குத்தான் ஃப்ரஸ்டத்தைக் கொஞ்சம் அகலமா வைக்கிறது.