உங்கள் விடுதியின் பெயரைத் தேடினால் அடுத்த தெரு விடுதி வருகிறதா?

புதுச்சேரியின் தமிழர் பகுதியில், திண்ணையும் முற்றமும் உள்ள பழைய வீட்டை ஆறு அறை விடுதியாக்கி நடத்துகிறார் ஓர் அக்கா. ஒரு வெள்ளிக்கிழமை காலை போன் செய்தார். "தம்பி, கூகுளில் எங்கள் பெயரைத் தட்டினால் முதலில் வேறு விடுதி வருகிறது. வருடாவருடம் நம்மிடம் வரும் சென்னைக் குடும்பம் அங்கே அறை போட்டுவிட்டது."

தேடல் பக்கத்தின் உச்சியில் 'ஸ்பான்சர்டு' என்ற குறிப்போடு வரும் இடம் ஏலத்தில் போகிறது. எந்தச் சொல்லைத் தேடினால் தன் விளம்பரம் வர வேண்டும் என்று விளம்பரதாரர் கொடுக்கும் சொல்லுக்கு கீவேர்டு என்று பெயர். உங்கள் விடுதியின் பெயரையும் யார் வேண்டுமானாலும் கீவேர்டாகக் கொடுக்கலாம், கூகுள் தடுப்பதில்லை. அதற்குச் செய்ய வேண்டியவற்றை, அக்காவுக்குச் செய்த வரிசையிலேயே சொல்கிறேன். உண்மைப் பெயர் வேண்டாம். விடுதிக்கு 'வேப்பமர வீடு' என்று பெயர் வைத்துக்கொள்வோம்.

1. சொந்தப் போனில் தேடுவதை நிறுத்துங்கள்

காலைக் காப்பி முடிந்ததும் தன் விடுதியைத் தேடி, போட்டியாளரின் விளம்பரத்தை நாலு முறை தட்டிவிட்டுத்தான் அக்கா அடுத்த வேலைக்குப் போவார். ஒவ்வொரு தட்டலுக்கும் விளம்பரதாரர் கூகுளுக்குக் காசு கொடுக்க வேண்டும் என்பதால், "அவன் காசு கரையட்டுமே" என்பது அவர் கணக்கு. கரையாது. ஒரே போனிலிருந்து திரும்பத் திரும்ப வரும் கிளிக்குகளை வடிகட்டிக் கழிக்க கூகுளிடம் ஏற்பாடு இருக்கிறது.

கூகுளின் விளம்பரச் சேவையான கூகுள் ஆட்ஸில் ஒரு கணக்கு தொடங்குங்கள். கணக்குக்குக் கட்டணம் இல்லை. அதன் கருவிகள் பட்டியலில் 'ஆட் பிரிவ்யூ அண்ட் டயக்னோசிஸ்' என்று ஒன்று உண்டு. ஊரைச் சென்னை என்று வைத்துத் தேடுங்கள், பிறகு பெங்களூரு. சனி, ஞாயிறுக்கு அறை போடுகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள். புதுச்சேரியில் உட்கார்ந்து பார்த்தால் அவர்கள் காண்பது நமக்குத் தெரியாது.

2. வருவது யார் என்று பாருங்கள்

இதற்கு மட்டும் ஒரு முறை சாதாரணமாகத் தேடுங்கள். விளம்பரத்தின் ஓரத்தில் மூன்று புள்ளிகள் இருக்கும். அதைத் தட்டினால் விளம்பரதாரரின் பெயர் தெரியும். இரண்டு விஷயங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். வருவது போட்டி விடுதியா, அல்லது நீங்களே அறைகளைப் பட்டியலிட்டிருக்கும் முன்பதிவுத் தளமா? விளம்பர வாசகத்துக்குள் உங்கள் பெயர் இருக்கிறதா, இல்லையா? தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

முன்பதிவுத் தளமாக இருந்தால் அவர்களோடு போட்ட ஒப்பந்தத்தைப் படியுங்கள். உங்கள் பெயரை விளம்பரத்தில் பயன்படுத்த நீங்களே கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கலாம். படிக்காமல் கையெழுத்திட்டவர்களில் நானும் ஒருவன் என்பதால் இதைச் சொல்கிறேன்.

3. ஒரு போன் பேசுங்கள்

பலரும் தாண்டிப் போகும் படி இது. எதிராளி உங்கள் பெயரை வாங்கியே இருக்க வேண்டும் என்பதில்லை. 'பாண்டிச்சேரி கெஸ்ட் ஹவுஸ்' என்பதை அவர் 'பிராட் மேட்ச்' வகையில் கொடுத்திருந்தால், அதற்கு நெருக்கமானது என்று கூகுள் கருதும் தேடல்களுக்கெல்லாம் அவருடைய விளம்பரம் போகும். உங்கள் பெயரும் அதில் அடங்கலாம். அக்கா பேசிய விடுதிக்காரருக்கு விஷயமே தெரியவில்லை. "அண்ணே, எங்கள் பெயரை நெகட்டிவ் கீவேர்டாகப் போட்டுவிடுங்கள்" என்று அக்கா கேட்டார். இந்தச் சொல்லைத் தேடினால் என் விளம்பரம் வர வேண்டாம் என்று கொடுப்பதுதான் நெகட்டிவ் கீவேர்டு. விடுதிக்காரரின் விளம்பரத்தைக் கவனிக்கும் பையன் அன்று மாலையே போட்டுவிட்டான். அதோடு ஒருவர் ஒழிந்தார். இன்னொருவர் போனை எடுக்கவே இல்லை.

4. உங்கள் பெயருக்கு நீங்களே விளம்பரம் கொடுங்கள்

நம் பெயருக்கு நாமே காசு கொடுப்பதா என்று வயிறு எரியும், எனக்கும் எரிந்தது. ஆனால் இந்த ஏலத்தில் தொகை மட்டும் வெல்வதில்லை. விளம்பரம் தேடலோடு எவ்வளவு பொருந்துகிறது, தட்டப்படும் வாய்ப்பு எவ்வளவு, தட்டினால் திறக்கும் பக்கம் எப்படி என்பவையும் சேர்த்துப் பார்க்கப்படும். 'வேப்பமர வீடு' என்று தேடியவருக்கு வேப்பமர வீட்டை விடப் பொருத்தமானது எது? அதனால் போட்டியாளரை விடக் குறைந்த தொகையிலேயே நீங்கள் மேலே நிற்க முடியும்.

புதிய கேம்பெயினில் 'சர்ச்' வகையைத் தேர்ந்தெடுங்கள். டிஸ்பிளே நெட்வொர்க் என்ற பெட்டியில் டிக் இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லையென்றால் உங்கள் காசு கண்ட இணையதளங்களில் படமாகத் திரியும். கீவேர்டுகளை மேற்கோள் குறிக்குள் கொடுங்கள். அது 'ஃபிரேஸ் மேட்ச்', அந்தச் சொற்றொடரின் பொருள் அடங்கிய தேடல்களுக்கு மட்டும் விளம்பரம் போகும். பெயரைத் தமிழ் எழுத்திலும் ஆங்கில எழுத்திலும் தனித்தனியாகக் கொடுப்பது நல்லது. ஏல முறையில் 'மேக்சிமைஸ் கிளிக்ஸ்' தேர்ந்தெடுத்து, ஒரு கிளிக்குக்கு உச்சவரம்பு வையுங்கள். நாங்கள் வைத்தது 10 ரூபாய், ஒரு நாளைக்கு 100 ரூபாய். தலைப்பு ஒன்றுக்கு 30 எழுத்துதான் இடம் என்பதால் முதல் தலைப்பில் பெயர், அடுத்ததில் 'நேரடி முன்பதிவு', அவ்வளவு போதும்.

சில நாள் ஓடியதும் 'ஆக்‌ஷன் இன்சைட்ஸ்' என்ற ஏல அறிக்கையைத் திறங்கள். இதே ஏலத்தில் வேறு யார் நிற்கிறார்கள், எத்தனை சதவீதம் உங்களுக்கு மேலே வருகிறார்கள் என்று அது காட்டும். போனை எடுக்காதவர் அதில் இருந்தார்.

5. புகார்

போட்டியாளர் தன் விளம்பர வாசகத்துக்குள்ளேயே உங்கள் பெயரைப் போட்டால், கூகுளின் வர்த்தக முத்திரைப் புகார்ப் படிவத்தை நிரப்பலாம். இது வாசகத்தை மட்டுமே நிறுத்தும், கீவேர்டைத் தொடாது. முத்திரை பதிவாகியிருந்தால் கை ஓங்கும். முத்திரைப் பதிவில் விடுதிக்கு 43ஆம் வகுப்பு. தனிநபரும் சிறு நிறுவனமும் இணையம் வழி விண்ணப்பிக்க 4,500 ரூபாய். புதுச்சேரி, சென்னைப் பதிவகத்தின் கீழ் வருகிறது. பதிவாகும் முன் ® போடாதீர்கள், அது சட்டத்துக்குப் புறம்பானது.

நீதிமன்றம் போகலாமா என்று அக்கா கேட்டார். 'அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ்' முத்திரை பற்றிய வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் 2023 ஆகஸ்டில் சொன்னது இது: பிறர் முத்திரையைக் கீவேர்டாக்குவது சட்டப்படி அதைப் 'பயன்படுத்துவது'தான், ஆனால் அதனாலேயே அத்துமீறல் ஆகிவிடாது, வாடிக்கையாளர் குழம்புகிறாரா என்று பார்க்க வேண்டும். பாரத் மேட்ரிமோனி நடத்தும் நிறுவனம் கூகுளையும் போட்டித் தளங்களையும் எதிர்த்த வழக்கில், 2010இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் அதற்கு இடறலாக நின்றது, 'தமிழ்', 'மேட்ரிமோனி' போன்றவை பொருளை விவரிக்கும் பொதுச் சொற்கள் என்பதுதான். 'பாண்டிச்சேரி பீச் கெஸ்ட் ஹவுஸ்' என்று பெயர் வைத்திருப்பவர்கள் இதை இன்னொரு முறை படிக்கவும்.

6. ஒரு வாரம் கழித்து

'சர்ச் டெர்ம்ஸ்' அறிக்கையில், மக்கள் உண்மையில் தட்டிய சொற்கள் இருக்கும். அக்காவின் அறிக்கையில் 'வேப்பமர வீடு வழி' என்பதே அடிக்கடி வந்தது. ஏற்கெனவே அறை போட்டவர்கள் பேருந்து நிலையத்தில் இறங்கி, வழி தெரியாமல் விளம்பரத்தைத் தட்டியிருக்கிறார்கள். 'வழி', 'மேப்' இரண்டையும் நெகட்டிவ் கீவேர்டாகப் போட்டோம். விளம்பரம் காட்டும் இடப் பட்டியலில் புதுச்சேரி நகரத்தை விலக்கினோம். நகரம் என்பதைக் கவனித்துத் தேர்ந்தெடுங்கள். யூனியன் பிரதேசத்தையே விலக்கினால் காரைக்கால், மாஹே, ஏனாம் மூன்றும் சேர்ந்து போய்விடும்.