பிரிட்டனுக்குத் துணைவரை அழைக்கும் விசா: எங்கே சறுக்குகிறோம்

பிரிட்டனில் குடியுரிமையோ நிரந்தர வதிவிட உரிமையோ பெற்ற ஒருவர், தம் கணவரையோ மனைவியையோ யாழ்ப்பாணத்திலிருந்தோ சென்னையிலிருந்தோ அழைக்க விண்ணப்பிக்கும்போது, திருமணப் படங்களைத் தேர்ந்தெடுக்கச் செலவிடும் நேரத்தில் பாதியைக்கூடச் சம்பளச் சீட்டுகளைச் சரிபார்க்கச் செலவிடுவதில்லை. உறவு உண்மையானது என்று அதிகாரி ஏற்றுக்கொண்டாலும், வருமானக் கணக்கு ஒத்துவராத ஒரே காரணத்துக்காக விண்ணப்பம் நிராகரிக்கப்படலாம்.

2012 முதல் ஆண்டுக்கு 18,600 பவுண்டாக இருந்த குறைந்தபட்ச வருமான வரம்பு, 2024 ஏப்ரல் 11 அன்று 29,000 பவுண்டாக உயர்ந்தது. முன்னர் மனைவியை அழைத்த அண்ணன் சொன்ன பழைய தொகையை நம்பி ஆயத்தமாவது முதல் தவறு. வெளிநாட்டிலிருந்து விண்ணப்பிக்கும் துணைவர் அங்கே வாங்கும் சம்பளத்தையும் சேர்த்துக் காட்டலாம் என்று எண்ணுவது அடுத்த தவறு. அழைப்பவரின் சம்பளமே கணக்கில் வரும். வருமானமே இல்லாமல் சேமிப்பை மட்டும் காட்டுவதானால் 88,500 பவுண்டு ஆறு மாதம் கையிருப்பில் இருந்திருக்க வேண்டும்.

தொகை போதுமாக இருந்தும் காகிதம் காலை வாரிவிடுவதுதான் அதிகம். ஒரே முதலாளியிடம் ஆறு மாதமோ அதற்கு மேலோ வேலை செய்பவர் ஆறு மாதச் சம்பளச் சீட்டுகளையும், அதே மாதங்களுக்கான வங்கி அறிக்கைகளையும், முதலாளியின் கடிதத்தையும் தர வேண்டும். நிலையான சம்பளம் பெறுபவருக்கு அந்த ஆறு மாதங்களில் இருந்த மிகக் குறைந்த சம்பள அளவே ஆண்டு வருமானமாகக் கொள்ளப்படும் என்பதால், சம்பளம் 29,000 பவுண்டாக உயர்ந்த மறுமாதமே விண்ணப்பிப்பவர் சிக்கிக்கொள்கிறார்.

கடையிலோ பெட்ரோல் நிலையத்திலோ வேலை செய்யும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். அவருடைய ஆகஸ்ட் சம்பளச் சீட்டில் வரி போகக் கைக்கு வரவேண்டிய தொகை 2,060 பவுண்டு; வங்கியில் விழுந்ததோ 1,600. மீதியை முதலாளி காசாகக் கொடுத்தார், அது அப்படியே வீட்டு வாடகைக்குப் போய்விட்டது. வங்கியில் இடப்படாத அந்த 460 பவுண்டு, அவர் உழைத்துச் சம்பாதித்ததே ஆனாலும், கணக்கில் சேராது. கடைசி வங்கி அறிக்கையும் விண்ணப்ப நாளுக்கு 28 நாளுக்கு முந்தியதாக இருக்கக்கூடாது.

திருமணத்துக்கு வருவோம். கோயிலில் தாலி கட்டிய படங்கள் துணைச்சான்று மட்டுமே. யாழ்ப்பாணத்தார் ‘எழுத்து’ என்று சொல்லும் பதிவும் அதன் சான்றிதழும் வேண்டும். சான்றிதழ் தமிழில் இருந்தால், மொழிபெயர்ப்பாளரின் பெயர், கையொப்பம், தொடர்பு விவரம், தேதி, சரியான மொழிபெயர்ப்பு என்ற உறுதிமொழி ஆகியவற்றுடன் ஆங்கில மொழிபெயர்ப்பும் இணைக்கப்பட வேண்டும். முந்தைய மணமுறிவு இருந்தால் அதன் இறுதித் தீர்ப்பும் அவசியம்.

ஆங்கிலத் தேர்வை அங்கீகரிக்கப்பட்ட மையத்தில், விசாவுக்கென்றே உள்ள வகையில் எழுத வேண்டும். கல்லூரிச் சேர்க்கைக்கு எழுதிய சாதாரண ஐஇஎல்டிஎஸ் செல்லாது. காசநோய்ச் சான்றிதழ் ஆறு மாதமே செல்லுபடியாகும் என்பதால் அதை முந்திக்கொண்டு எடுப்பதில் பயனில்லை. பெற்றோர் வீட்டில் குடியேறுவதாக இருந்தால் அவர்களின் சம்மதக் கடிதமும், நெரிசலின்றித் தங்கப் போதிய அறைகள் உண்டு என்பதற்கான ஆதாரமும் வேண்டும்.

இவை எல்லாவற்றையும்விடக் கேடானது, முன்பு எந்த நாட்டிலாவது விசா மறுக்கப்பட்டதை மறைப்பது. பழைய மறுப்பை விளக்கிவிடலாம். மறைத்தது அகப்பட்டால் அடுத்தடுத்த விண்ணப்பங்களிலும் அது தொடரும். பார்வையாளர் விசாவில் வந்து உள்ளிருந்தபடியே துணைவர் விசாவுக்கு மாறிக்கொள்ளலாம் என்று சிலர் சொல்லும் யோசனைக்கும் விதிகளில் இடமில்லை.

33 மாத விசாவுக்குச் சுகாதாரக் கட்டணமாக ஆண்டுக்கு 1,035 வீதம் 3,105 பவுண்டை விண்ணப்பக் கட்டணத்தோடு ஒரே தடவையில் செலுத்த வேண்டும். மறுக்கப்பட்டால் சுகாதாரக் கட்டணம் திரும்பும், விண்ணப்பக் கட்டணம் திரும்பாது. ஆகவே சம்பளத்தின் ஒரு பகுதி காசாக வந்த அந்த ஆகஸ்ட் மாதம் ஆறு மாதக் கணக்கிலிருந்து விலகும்வரை பொறுத்திருந்து விண்ணப்பிப்பது செலவும் குறைவு, பிரிவும் குறைவு.