பிள்ளையின் அந்தரங்கப் படம் பரவிவிட்டால் முதலில் என்ன செய்வது

திருகோணமலையில் பாடசாலை ஆலோசனை ஆசிரியையாக இருக்கிறேன். "டீச்சர், பிள்ளையின்ர படம் வாட்ஸ்அப் குரூப்பில வந்திட்டுது" என்று அம்மாமார் வருவார்கள். பல நேரம் அதற்குள் பிள்ளைக்கு அடி விழுந்திருக்கும், போனும் உடைந்திருக்கும். அடி வாங்கிய பிள்ளை மிச்சத்தைச் சொல்லாது. உடைந்த போனோடு ஆதாரமும் போய்விடும்.

அதனால் முதலில் பிள்ளையைப் பக்கத்தில் இருத்தி, "நான் இருக்கிறன், சேர்ந்து பாப்பம்" என்று சொல்லுங்கள். ஏன் அனுப்பினாய் என்பதைப் பிறகு கேட்கலாம். அன்றிரவு பிள்ளையைத் தனியே விடாதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

பரப்பியவரின் இலக்கம், கணக்கின் பெயர், திகதி, நேரம் எல்லாவற்றையும் எழுதி வையுங்கள். மிரட்டல் செய்திகளை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆனால் படத்தை எவருக்கும் அனுப்ப வேண்டாம், எனக்கும் வேண்டாம். "இது உங்கட வகுப்புப் பிள்ளையா?" என்று கேட்டு ஆசிரியருக்கு அனுப்பும் மாமாமாரும் உண்டு. நல்ல மனதோடு செய்தாலும், 18 வயதுக்குட்பட்டவரின் ஆபாசப் படத்தை வைத்திருப்பதும் பகிர்வதும் தண்டனைச் சட்டக்கோவையின் 286அ பிரிவின்படி குற்றம். 2 முதல் 10 ஆண்டு வரை சிறை. பணம் கேட்டு மிரட்டினால் ரீலோட்கூடப் போடாதீர்கள். ஒருமுறை கொடுத்தால் திரும்பத் திரும்பக் கேட்பார்கள்.

முறையிட 1929. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் அது. இரவிலும் எடுக்கலாம், தமிழில் கதைக்கலாம். நேரே போவதென்றால் பொலிஸின் பெண்கள், சிறுவர் பணியகம். தனியே போகத் தயக்கமென்றால் பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரிடம் முதலில் கதையுங்கள். 'டேக் இட் டவுன்' என்ற இலவச இணையத்தளமும் உண்டு. படம் உங்கள் போனைவிட்டு வெளியே போகாது. படத்தை அடையாளம் காண அதிலிருந்து உருவாக்கப்படும் ஒரு குறியீடு மட்டும் பேஸ்புக், இன்ஸ்டாகிராம், டிக்டொக் போன்ற நிறுவனங்களுக்குப் போகும். வாட்ஸ்அப்பில் ஆளுக்காள் அனுப்புவதை அது தடுக்காது.

மட்டக்களப்பில் பெரியம்மா வீட்டுக்கு அனுப்பிப் பாடசாலையை மாற்றுவதில் எனக்கு உடன்பாடில்லை. தண்டனை பிள்ளைக்கே போய்ச் சேருகிறது. திங்கட்கிழமை வழமைபோல வகுப்புக்கு வரட்டும். வருமுன் அதிபரோடு கதையுங்கள். பகிர்ந்த பொடியன்களையும் பெற்றோரோடு கூப்பிடச் சொல்லுங்கள். அவர்களும் பிள்ளைகள்தான், விலக்கிவிட்டால் ஒன்றும் படிக்கமாட்டார்கள். ஆனால் அவர்களின் போனில் உள்ளதும் ஆதாரம்; அதை அழிப்பது பொலிஸ் முறைப்பாடு பதிவாகி, பொலிஸார் அழிக்கச் சொன்ன பிறகுதான்.