விளைநிலம் மனையாகாமல் காக்கும் உள்ளூர்த் திட்டத்துக்கு நிதி திரட்டுவது எப்படி?

அமெரிக்காவில் நகரங்களின் ஓரத்திலுள்ள பண்ணை நிலங்கள் வீட்டு மனைகளாகப் பிரிக்கப்படுவதைத் தடுக்க உள்ளாட்சிகள் கையாளும் வழிகளில் நீடித்த பலன் தருவது, நிலத்தை அப்படியே விட்டுவிட்டு அதன் கட்டுமான உரிமையை மட்டும் விலை கொடுத்து வாங்கிவிடுவதாகும். உரிமையாளர் வழக்கம்போல் பயிர் செய்யலாம், நிலத்தை விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். ஆனால் மனை பிரித்துக் கட்டடம் எழுப்பும் உரிமை, பத்திரத்தோடு பதிவு செய்யப்படும் நிலக்காப்பு ஒப்பந்தத்தின் மூலம் நிரந்தரமாக விலக்கப்படுகிறது. நிலம் யார் கைக்குப் போனாலும் அந்த ஒப்பந்தமும் கூடவே போகிறது. 1970களின் நடுவில் நியூயார்க் மாநிலத்தின் சஃபோக் கவுண்டி (மாவட்டம் போன்ற உள்ளாட்சிப் பிரிவு) தொடங்கிவைத்த இந்த முறை, இன்று பல மாநிலங்களில் நடைமுறையில் உள்ளது. விருப்பமுள்ள விவசாயிகள் கிடைத்தும் பணம் கிடைக்காமல் நின்றுபோகும் திட்டங்களே மிகுதி என்பதால், நகர மன்றத்தாரும் குடியிருப்போர் குழுக்களும் அந்தப் பணத்தை எங்கே, எந்த வரிசையில் தேட வேண்டும் என்பதை இங்கே பார்க்கலாம்.

முதலில் எவ்வளவு தேவை என்று கணக்கிட வேண்டும். ஒரு நிலத்துக்கு இரண்டு மதிப்புகள் உண்டு: வீடு கட்டுபவர் கொடுக்கக்கூடிய விலை ஒன்று, பயிர் செய்ய மட்டுமே வாங்குபவர் கொடுக்கக்கூடிய விலை மற்றொன்று. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே கட்டுமான உரிமையின் விலை. உரிமம் பெற்ற மதிப்பீட்டாளரே அதைக் கணிக்க வேண்டும். ஓர் எடுத்துக்காட்டாக, ஏக்கருக்கு முதல் விலை 12,000 டாலர், இரண்டாவது விலை 5,000 டாலர் என்று வைத்துக்கொண்டால், 100 ஏக்கர் பண்ணையின் கட்டுமான உரிமைக்கு 7 லட்சம் டாலர் ஆகும். ஊரில் காக்கத்தக்க நிலம் எத்தனை ஏக்கர், அடுத்த பத்து ஆண்டுகளில் அவற்றில் எவை விற்பனைக்கு வரக்கூடும் என்ற பட்டியலோடு இந்தக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தால், ஆண்டுக்கு எவ்வளவு தேவை என்பது தோராயமாகத் தெரியவரும். இந்தத் தொகையைக் கண்டு மலைக்க வேண்டியதில்லை, ஏனெனில் அதை முழுவதுமாக ஊரே கொடுக்கப் போவதில்லை.

சொந்தப் பணம் முதலில்

பெரும்பாலான குழுக்கள் மானியத்துக்கு விண்ணப்பம் எழுதுவதிலிருந்து தொடங்குகின்றன. என் கருத்தில் இது தலைகீழான வரிசை. மத்திய அரசும் மாநில அரசும் பெரும்பாலும் ஒரு பங்கையே தருகின்றன. மறுபங்கு எங்கே என்றுதான் முதலில் கேட்கின்றன. ஆண்டுதோறும் தவறாமல் வரும் உள்ளூர் வருமானம், சிறியதாக இருந்தாலும், அந்தக் கேள்விக்கான பதிலாக அமைந்து வெளிப்பணத்தை இழுத்து வருகிறது. ஒரே தடவை கிடைக்கும் பெருந்தொகையைவிட இத்தகைய வருமானமே திட்டத்தை உயிரோடு வைக்கிறது. அடுத்த ஆண்டும் பணம் இருக்கும் என்று தெரிந்தால்தான் விவசாயி இன்றைக்கு அவசரப்பட்டு மனை வியாபாரியிடம் கையெழுத்திடாமல் காத்திருப்பார்.

அந்த வருமானத்துக்கு மிக எளிய வழி சொத்து வரியோடு ஒரு சிறு கூடுதலைச் சேர்ப்பதாகும். விஸ்கான்சினின் டன் என்ற சிற்றூரில் 1996-இல் மக்கள் வாக்களித்து, மதிப்பிடப்பட்ட சொத்தின் ஒவ்வொரு 1,000 டாலருக்கும் 50 சென்ட் வீதம் வரியைக் கூட்டிக்கொண்டார்கள். 2 லட்சம் டாலர் மதிப்புள்ள வீட்டுக்கு அது ஆண்டுக்கு 100 டாலராகும். மாசசூசெட்ஸ் 2000-இல் இயற்றிய சமூகப் பாதுகாப்புச் சட்டம் (Community Preservation Act) இதை மாநிலம் முழுவதற்குமான ஏற்பாடாக்கியது: ஊர் மக்கள் ஒப்புக்கொண்டால் சொத்து வரியின் மீது 3 சதவீதம் வரை மேல்வரி விதிக்கலாம், பத்திரப்பதிவுக் கட்டணங்களிலிருந்து திரளும் மாநில நிதி அதற்கு ஒரு துணைத்தொகையைச் சேர்க்கிறது. வசூலாகும் பணத்தில் குறைந்தது பத்தில் ஒரு பங்கு வீதம் திறந்தவெளி, மரபுக் கட்டடங்கள், எளியோர் வீட்டுவசதி ஆகிய மூன்றுக்கும் போக வேண்டும் என்பது விதி. நிலத்துக்கு மட்டும் வாக்குக் கேட்டால் தயங்குபவர்கள் இந்த மூன்றையும் சேர்த்துக் கேட்டால் இசைகிறார்கள் என்பதால், பிற மாநிலக் குழுக்களும் இந்த அமைப்பைக் கவனிக்கலாம்.

சுற்றுலாவாலும் விடுமுறை வீடுகளாலும் நிலவிலை ஏறும் ஊர்களில் சொத்துக் கைமாறும்போது விதிக்கப்படும் வரி மிகப் பொருத்தமானது. மாசசூசெட்ஸின் நான்டக்கெட் தீவு 1983-இல், சொத்து வாங்குபவரிடமிருந்து விலையில் 2 சதவீதம் பெற்று நில வங்கி ஒன்றை, அதாவது நிலங்களை வாங்கிக் காக்கும் பொது அமைப்பை, நடத்தும் அனுமதியைப் பெற்றது. நியூயார்க் மாநிலத்தின் லாங் தீவின் கிழக்குக் கோடியிலுள்ள ஐந்து ஊர்கள் 1998-இல் அதே 2 சதவீதத்தை ஏற்றுக்கொண்டு, இதுவரை 100 கோடி டாலருக்கு மேல் திரட்டியுள்ளன. நிலத்தின் மீது நெருக்கடி கூடும்போது வரி வருமானமும் கூடுகிறது என்பதே இதன் சிறப்பு. மனை விற்பனை மந்தமாகும் ஆண்டுகளில் வருமானம் சுருங்கிவிடும் என்பது அதன் மறுபக்கம். நிலம் மலிவாகக் கிடைக்கும் அந்த ஆண்டுகளில்தான் கையில் பணம் வேண்டும் என்பதால், நல்ல ஆண்டின் வசூலில் ஒரு பகுதியை ஒதுக்கி வைப்பது கட்டாயம். சிறிய வீடு வாங்கும் குடும்பத்தைப் பாதிக்காதபடி விலையின் தொடக்கப் பகுதிக்கு விலக்களிப்பதும் நல்லது; லாங் தீவு ஊர்கள் அவ்வாறே செய்தன.

கடைத்தெருவும் வெளியூர் வாடிக்கையாளர்களும் உள்ள நகரமானால் விற்பனை வரியை நினைக்கலாம். கொலராடோவின் போல்டர் நகரம் 1967-இல் 0.4 சதவீத விற்பனை வரியைத் திறந்தவெளிக்கென்று ஒதுக்க வாக்களித்தது. புதிய வரி எதையும் கேட்க முடியாத ஊர்களுக்கு நியூ ஹாம்ப்ஷயரின் ஏற்பாடு வழிகாட்டும். அங்கே விளைநிலத்துக்கும் காட்டு நிலத்துக்கும் குறைந்த சொத்து வரி உண்டு. அந்தச் சலுகையில் இருந்த நிலத்தைக் கட்டுமானத்துக்கு மாற்றினால் அதன் முழு மதிப்பில் 10 சதவீதத்தை ஒரே முறையாகக் கட்ட வேண்டும். அந்த வசூலை முழுவதுமோ ஒரு பகுதியோ ஊரின் பாதுகாப்பு நிதிக்குத் திருப்ப ஊர்க் கூட்டமே தீர்மானிக்கலாம். ஒரு நிலத்தின் இழப்பு மற்றொரு நிலத்தின் காப்புக்குப் பணம் தருகிறது என்பதை எதிர்ப்பவர்களும் நியாயம் என்று ஏற்கிறார்கள்.

இவற்றில் எதை உங்கள் ஊர் விதிக்கலாம் என்பதை மாநிலச் சட்டமே முடிவு செய்கிறது. மாநிலம் அனுமதிக்காத வரியை ஊர் விதிக்க முடியாது; நான்டக்கெட்டுக்கே மாநிலச் சட்டமன்றத்தின் தனிச் சட்டம் தேவைப்பட்டது. எனவே மாநிலத்தின் உள்ளாட்சி வரிச் சட்டம் அறிந்த வழக்கறிஞரைத் தொடக்கத்திலேயே கலந்துகொள்ள வேண்டும்.

கடனா, தவணையா?

வரியாக வரும் பணம் மெல்லச் சேர்கிறது, நிலவிலையோ காத்திருப்பதில்லை. இந்த இடைவெளியை நிரப்பக் கடன் பத்திரம் உதவுகிறது. வாஷிங்டன் மாநிலத்தின் கிங் கவுண்டி, 1979-இல் மக்கள் ஒப்புதலோடு பண்ணை நிலத்துக்காக 5 கோடி டாலர் கடன் பத்திரங்களை வெளியிட்டது. நிலவிலை வட்டியைவிட வேகமாக ஏறும் பகுதியில் இன்றே கடன் வாங்கி இன்றே முடிப்பது சிக்கனம். விலை நிதானமாக ஏறும் பகுதியில் வட்டிக்குப் போகும் பணத்தில் இன்னும் சில ஏக்கரைக் காப்பாற்றிவிடலாம். முடிவுக்கு வருமுன் பத்தாண்டுகளின் பதிவான விற்பனை விலைகளைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மேரிலாந்தின் ஹோவர்ட் கவுண்டி 1989-இல் கையாண்ட தவணை முறை இன்னும் நுட்பமானது, எனக்கு மிகவும் பிடித்ததும் அதுவே. விவசாயிக்கு உரிமையின் முழு விலையும் உடனே தரப்படுவதில்லை. 30 ஆண்டுகள் வரை ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரியற்ற வட்டியும், கெடு முடிவில் அசலும் கிடைக்கும். கவுண்டி இன்றைக்கே தள்ளுபடி விலையில் வட்டியில்லா மத்திய அரசுப் பத்திரங்களை வாங்கி வைக்கிறது. முதிர்வில் அவற்றின் முகமதிப்பு அசலுக்குச் சரியாகிவிடுகிறது. இதனால் குறைந்த ரொக்கத்தில் அதிக நிலத்துக்கு உறுதி அளிக்க முடிகிறது. விவசாயிக்கோ, ஒரே ஆண்டில் பெருந்தொகை வந்து வரியில் கரைவதற்குப் பதிலாக, முதுமைக்கு நிலையான வருமானம் கிடைக்கிறது. ஆனால் அவர் கடனைத் தீர்க்க உடனடிப் பணம் தேடுபவராக இருந்தால் இந்த முறை உதவாது. ஆகவே ரொக்கம், தவணை என்ற இரண்டையும் முன்வைத்துத் தேர்வை அவரிடம் விடுவதே முறை.

வாக்கெடுப்பு

வரியோ கடன் பத்திரமோ, பெரும்பாலான இடங்களில் மக்களின் வாக்கு வேண்டும். வாக்குச்சீட்டில் இடம்பெறும் வாசகத்தை எழுதுமுன் மக்கள் எவ்வளவு கொடுக்க ஆயத்தமாக இருக்கிறார்கள் என்று கருத்துக் கணிப்பு எடுப்பது அவசியம். 1972-இல் தோன்றிய டிரஸ்ட் ஃபார் பப்ளிக் லேண்ட் அமைப்பு இத்தகைய கணிப்பிலும் வாசகத்தைச் செதுக்குவதிலும் உள்ளூர்களுக்கு நீண்ட காலமாக உதவி வருகிறது. அழகான காட்சியைக் காப்பதைவிடக் குடிநீரையும் உள்ளூர் உணவையும் காப்பதைப் பற்றிப் பேசினால் ஆதரவு அதிகம் கிடைக்கும். வரியால் ஒரு வீட்டுக்கு ஆண்டுக்கு எவ்வளவு கூடும், எத்தனை ஆண்டுகளுக்கு, பணத்தை யார் தணிக்கை செய்வார்கள் என்பவற்றை வாசகத்திலேயே எழுதிவிட வேண்டும். முடிவுத் தேதி உள்ள வரி, முடிவற்ற வரியைவிட எளிதில் நிறைவேறும். லாங் தீவு ஊர்களின் வரியும் 2010 வரைக்கும் என்றுதான் தொடங்கியது, பிறகு மக்களே அதை மீண்டும் மீண்டும் நீட்டித்தார்கள்.

வரி கட்டுவோரிடம் சொல்லத்தக்க மற்றொரு வாதம் ஊரின் வரவு செலவிலேயே இருக்கிறது. புதிய வீடுகள் வந்தால் வரி வருமானம் பெருகும் என்ற நம்பிக்கை பரவலானது. ஆனால் பள்ளி, சாலை, தீயணைப்பு ஆகியவற்றுக்கு அந்த வீடுகள் கோரும் செலவு, அவை செலுத்தும் வரியைவிடப் பெரும்பாலும் கூடுதலாக இருப்பதையும், பண்ணை நிலம் கேட்கும் செலவு அது தரும் வரியைவிடக் குறைவாக இருப்பதையும் விளைநிலக் காப்பு அமைப்பான அமெரிக்கன் ஃபார்ம்லேண்ட் டிரஸ்ட் வகுத்த முறையில் பல ஊர்களில் நடந்த ஆய்வுகள் காட்டியுள்ளன. உங்கள் ஊரின் எண்களைக் கொண்டே இந்தக் கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். வேறொரு மாவட்டத்தின் எண் யாரையும் அசைக்காது. உள்ளாட்சி ஊழியர்களும் ஊர்ப் பணமும் வாக்குக் கேட்கும் பிரசாரத்தில் ஈடுபடுவதைப் பெரும்பாலான மாநிலங்கள் தடுக்கின்றன. தகவல் சொல்வது ஊரின் வேலை, ஆதரவு கேட்பது தனிக் குழுவின் வேலை என்று பிரித்துக்கொள்ள வேண்டும்.

வெளிப்பணத்தைச் சேர்ப்பது

உள்ளூர்ப் பணம் உறுதியானபின் மத்திய வேளாண் துறையை அணுகலாம். 2014-ஆம் ஆண்டு வேளாண் சட்டத்தின்கீழ் வரும் நிலக்காப்பு ஒப்பந்தத் திட்டம், ஒப்பந்தத்தின் சந்தை மதிப்பில் பாதி வரை தருகிறது. சுற்றுச்சூழல் சிறப்புள்ள புல்வெளிகளுக்கு 75 சதவீதம் வரை கிடைக்கக்கூடும். மாநிலத் திட்டங்கள் அதற்கு மேல் சேரும்: கொலராடோவில் லாட்டரி வருமானத்தின் ஒரு பகுதியும், மேரிலாந்தில் சொத்துக் கைமாற்ற வரியும் இதற்கென்றே ஒதுக்கப்பட்டுள்ளன.

விவசாயியும் ஒரு பங்காளியே. உரிமையின் முழு விலையைக் கேட்காமல் ஒரு பகுதியை நன்கொடையாக விட்டுக்கொடுத்தால், மத்திய வருமான வரியில் அவர் தம் வருமானத்தில் 50 சதவீதம் வரை கழித்துக்கொள்ளலாம். தகுதி பெற்ற விவசாயி 100 சதவீதம் வரை கழிக்கலாம். மிஞ்சியதை அடுத்த 15 ஆண்டுகளுக்குக் கொண்டுசெல்லலாம். 2015-இல் இந்தச் சலுகை நிரந்தரமாக்கப்பட்டது. மேலே சொன்ன 7 லட்சம் டாலரில் மத்திய அரசு மூன்றரை லட்சம், மாநிலம் ஒன்றரை லட்சம் தந்து, விவசாயி ஒரு லட்சத்தை விட்டுக்கொடுத்தால், ஊரின் பங்கு ஒரு லட்சம் மட்டுமே. மலைப்பூட்டிய தொகை இப்படித்தான் ஏழில் ஒன்றாகிறது. எனினும் நிலமதிப்பை ஊதிப் பெருக்கி, முதலீட்டாளர்களுக்கு வரிக் கழிவுகளை விற்கும் தரகர்களை அண்டவிடாதீர்கள். 2022 இறுதியில் நாடாளுமன்றம் அத்தகைய ஏற்பாடுகளைச் சட்டத்தாலேயே கட்டுப்படுத்தியது.

மத்திய அரசுப் பணம் வந்து சேர நெடுநாள் ஆகும். நிலத்தை விற்க முனைபவருக்குச் சில வாரங்களே பொறுமை இருக்கும். இந்த இடைவெளியில் நிலம் கைநழுவாதிருக்க, குறைந்த கட்டணத்தில் வாங்கும் உரிமையைக் குறிப்பிட்ட காலத்துக்கு முன்பதிவு செய்யும் ஒப்பந்தம் எழுதிக்கொள்ளலாம். அல்லது நிலக்காப்பு அறக்கட்டளை ஒன்று குறுகியகாலக் கடனில் முதலில் வாங்கிவைத்து, மானியம் வந்ததும் ஊருக்குக் கைமாற்றலாம்.

பொதுப்பணம் பெரிதாகத் தேவைப்படாத ஒரு வழியும் உண்டு. மேரிலாந்தின் மான்ட்கோமரி கவுண்டி 1980-இல் தன் வேளாண் ஒதுக்கப் பகுதியில் 25 ஏக்கருக்கு ஒரு வீடு என்று கட்டுப்படுத்திவிட்டு, ஒவ்வொரு 5 ஏக்கருக்கும் ஒரு கட்டுமான உரிமையை வேறிடத்தில் பயன்படுத்துவதற்காக விற்க அனுமதித்தது. நகர்ப்புறத்தில் நெருக்கமாகக் கட்ட விரும்பும் நிறுவனங்கள் அவற்றை விவசாயிகளிடமிருந்து வாங்கின. வீடுகளுக்கு வலுவான தேவையும், நெருக்கமான கட்டுமானத்தை ஏற்கும் அக்கம்பக்கமும் இல்லாத இடத்தில் இது காகிதத்திலேயே நின்றுவிடும்.

செலவழிக்கும்போது

பணம் கைக்கு வருமுன்பே நிலங்களைத் தரவரிசைப்படுத்தும் விதிகளை வெளியிட வேண்டும். மண்ணின் தரம், பரப்பு, ஏற்கெனவே காக்கப்பட்ட நிலத்தோடு ஒட்டியிருப்பது, கட்டுமானம் நெருங்கிவரும் வேகம் ஆகியவற்றுக்கு மதிப்பெண் தரலாம். மத்திய வேளாண் துறை 1981-இல் வகுத்த நில மதிப்பீட்டு முறையை இதற்கு அடிப்படையாகக் கொள்ளலாம். விதிகள் இல்லாமல் முதல் ஒப்பந்தம் மன்ற உறுப்பினரின் உறவினருக்குப் போனால், அடுத்த வாக்கெடுப்பு தோற்றது என்றே கொள்ளலாம்.

பட்ஜெட்டில் அடிக்கடி விடுபடுவது பராமரிப்புச் செலவு. ஒப்பந்தம் நிரந்தரம் என்றால் கண்காணிப்பும் நிரந்தரம்: ஆண்டுக்கு ஒரு முறையாவது நிலத்தைச் சென்று பார்த்து, படங்களோடு பதிவு வைக்க வேண்டும், நிலம் கைமாறும்போது புதிய உரிமையாளருக்கு விதிகளை விளக்க வேண்டும், யாரேனும் மீறினால் வழக்காட வேண்டும். ஆகவே ஒவ்வொரு ஒப்பந்தத்தோடும் தனித்தொகை ஒன்றை ஒதுக்கி, அதன் வட்டியை மட்டும் செலவிடும்படி விதி எழுதுங்கள். ஒப்பந்தத்தை அறக்கட்டளை வைத்திருந்தால், 2013 முதல் நிலக்காப்பு அறக்கட்டளைகளுக்கென்றே நடக்கும், இத்தகைய வழக்குச் செலவை ஏற்கும் டெர்ராஃபர்மா என்ற கூட்டுக் காப்பீட்டில் அது சேர்ந்துள்ளதா என்று கேட்டு, இல்லையேல் பிரீமியத் தொகையையும் முதல் ஆண்டு பட்ஜெட்டிலேயே சேர்த்துவிடுங்கள்.