கிளியர்கோட் கீறல்: தேய்க்குமுன் அளந்து பாருங்கள்

கொழும்பின் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் கடலோரத்தில் நிறுத்தப்படும் கார்களின் மீது இரவெல்லாம் உப்புக்காற்றின் ஈரமும் வீதித் தூசும் படிகின்றன. அதைக் காலையில் உலர்ந்த துணியால் துடைக்கும் பழக்கமே, நண்பகல் வெயிலில் பொனட்டின் மீது சிலந்திவலைபோல் தெரியும் மெல்லிய கீறல்களை உண்டாக்குகிறது. இவை நிறப்பூச்சில் இல்லை. அதற்கு மேலே, பொதுவாக 35 முதல் 50 மைக்ரோன் வரையே தடிப்புள்ள கிளியர்கோட் எனும் நிறமற்ற மேற்பூச்சில் உள்ளன. கீறலை நீக்குவது என்பது அதன் அடிமட்டம் வரை சுற்றுப்புறத்தைத் தேய்த்து இறக்குவதுதான். வெயிலிலிருந்து நிறத்தைக் காக்கும் அந்தப் பூச்சு, தேய்ந்தால் திரும்ப வராது.

முதலில் நகத்தைக் கீறலுக்குக் குறுக்கே மெதுவாக இழுத்துப் பாருங்கள். நகம் மாட்டினால் அக்கீறலை முழுதும் எடுக்க முயலாமல், அதன் விளிம்பை மழுப்புவதோடு நிறுத்துவதே நல்லது. பூச்சின் தடிப்பையும் கருவியால் அளக்க வேண்டும். இரும்புத் தகட்டுக்கு மட்டுமான கருவி, மஸ்டா எம்எக்ஸ்-5 போன்ற கார்களின் அலுமினிய பொனட்டில் பயன்படாது. இவ்வகைக் கருவிகள் பொதுவாகக் காட்டுவது அதனோடு அடிப்பூச்சும் நிறமும் சேர்ந்த மொத்தத் தடிப்பையே என்பதால், ஒரே தகட்டில் ஓரிடம் மட்டும் மிகக் குறைவாகக் காட்டினால் அங்கே முன்பே யாரோ தேய்த்திருக்கிறார்கள் என்று கொள்ளுங்கள்.

காரை நன்கு கழுவி, வழுக்கும் திரவம் தெளித்து, க்ளே கட்டியால் ஒட்டியிருக்கும் துகள்களை எடுத்தபின், விளிம்புகளையும் உடல் மடிப்புகளையும் மாஸ்கிங் டேப்பால் மூடுங்கள். பூச்சு மிக மெல்லியதாக இருப்பது அங்கேதான். சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றின் பிளாஸ்டிக் பம்பர் முனையில், ஓரிடத்திலேயே சுழலும் ரொட்டரி பொலிஷ் இயந்திரத்தைச் சில விநாடிகள் அசையாமல் வைத்ததால் நிறமே போய் அடிப்பூச்சு வெளிவந்ததை நேரில் பார்த்திருக்கிறேன். பிளாஸ்டிக்கில் வெப்பம் எளிதில் பரவாது. புதிதாகப் பழகுபவர்கள் சுழன்றுகொண்டே அலையும் டூயல் அக்‌ஷன் இயந்திரத்தையே எடுக்க வேண்டும்.

கொழும்பு வெயிலில் நின்ற தகட்டில் ஒருபோதும் தொடங்காதீர்கள். கொம்பவுண்ட் எனும் தேய்க்கும் பசை உடனே உலர்ந்து ஒட்டிக்கொள்ளும். நிழலில், கைக்குக் குளிர்ச்சியாக இருக்கும் தகட்டில், சுமார் 50 சென்ரிமீற்றர் சதுரத்தை முதலில் மென்மையான ஃபோம் பாட், நுண்ணிய பொலிஷ் ஆகியவற்றால் சோதியுங்கள். போதவில்லை என்றால் மட்டும் கடினமான பாட்டுக்கும் கொம்பவுண்டுக்கும் போகலாம். ஒவ்வொரு வரிசையும் முந்தியதன் பாதியை மூடும்படி, மெதுவாக, நான்கு முதல் ஆறு தடவை ஓட்டி, ஒவ்வொரு பகுதிக்குப் பின்னும் பாட்டைத் துப்புரவாக்குங்கள்.

பிறகு நீர் கலந்த ஐசோபுரோப்பைல் அல்ககோலால் துடைத்து, டோர்ச் வெளிச்சத்தைச் சாய்வாகப் பாய்ச்சிப் பாருங்கள். அவசரமாகச் செய்யும் 'கட் அன்ட் பொலிஷ்' வேலையில் பொலிஷில் உள்ள எண்ணெய்தான் பெரும்பாலும் கீறலை மறைத்திருக்கும். நாலைந்து கழுவலில் அது திரும்பத் தெரியும். துடைத்த பின்னும் மேற்பரப்பு தெளிவாக இருந்தால் அந்த முறையையே காரின் மற்றப் பகுதிகளுக்கும் பின்பற்றி, அன்றே வக்ஸ் அல்லது சீலன்ட் பூசுங்கள். கொழும்பின் உப்புக்காற்றும் காக எச்சமும் மறுநாள் வரை காத்திருப்பதில்லை.