பேஸ்மென்ட் ரூமை பெட்ரூம் என்று சொல்லி விற்கிறார்களா? ஜன்னலை அளந்து பாருங்கள்

அமெரிக்காவில் வீடு பார்க்கப் போகும்போது ஒரு டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள், பேஸ்மென்ட் ரூமின் ஜன்னலை முழுசாகத் திறந்து, கண்ணாடியையோ சட்டத்தையோ அல்ல, ஆள் வெளியேறக்கூடிய அந்த இடைவெளியை மட்டும் அளங்கள்.

தீப்பிடித்தால் படிக்கட்டை நம்பாமல் அந்த ரூமிலிருந்தே தப்பிக்க வழி இருந்தால்தான் அது பெட்ரூம். பெரும்பாலான மாநிலங்கள் பின்பற்றும் ஐஆர்சி (IRC, வீடு கட்டுவதற்கான மாதிரி விதித்தொகுப்பு) விதிப்படி திறப்பின் அகலம் குறைந்தது 20 அங்குலம், உயரம் குறைந்தது 24 அங்குலம், தரையிலிருந்து ஜன்னலின் அடிவிளிம்பு 44 அங்குலத்துக்குள். ஆனால் இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள்: 20-க்கு 24 என்றால் வெறும் 3.3 சதுர அடிதான் வரும், தேவையோ பொதுவாக குறைந்தது 5.7 சதுர அடி, தரைமட்ட, பேஸ்மென்ட் ஜன்னலுக்கு 5. பக்கவாட்டில் தள்ளும் ஜன்னல் பாதிதான் திறக்கும், அதனால் பார்க்கப் பெரிதாக இருந்தாலும் தேறாமல் போகலாம். சுவரோடு சேர்ந்த துணி அலமாரி (closet) இருந்தால்தான் பெட்ரூம் என்று ஏஜென்ட் சொன்னாலும் சரி, ஐஆர்சி அதைக் கேட்பதே இல்லை.

ரூமிலிருந்து நேரே வெளியே போக விதிப்படி கதவு இருந்தால் இந்த ஜன்னல் கணக்கு வேண்டாம். கனடாவில் டொராண்டோ பக்கம் இருப்பவர்களுக்கு ஒன்டாரியோ மாகாண விதி வேறு, திறப்பு குறைந்தது 0.35 சதுர மீட்டர். சில ஊர்கள் ஐஆர்சி எண்களையே மாற்றி வைத்திருக்கும், பில்டிங் டிபார்ட்மென்ட்டில் கேட்டுவிடுங்கள், அப்படியே பேஸ்மென்ட்டுக்கு பெர்மிட் வாங்கினார்களா என்றும்.